யார் கை நம் முகத்தை வரைகிறது?

(மும்பையில் நமது சங்கத்தின் பொங்கல் விழாக் கூட்டத்தில், மூத்த உறுப்பினரும் நீண்டநாள் கலை ரசிகருமான தோழர் ஒருவர் ஆற்றிய உரை.)

அடுப்பு வேலையை முடித்துவிட்டுப் பிள்ளைகளையும் கையில் பிடித்துக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே! இரவு ஷிப்ட்டுக்குப் போகவேண்டியவர்களாயிருந்தும் இங்கே வந்து அமர்ந்திருக்கும் தோழர்களே!

நான் பேச்சாளன் அல்லன், எழுத்தாளனும் அல்லன். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த ஊரில் உழைத்து, உழைத்த கூலியில் ஒரு பங்கைச் சினிமாக் கொட்டகையிலும் கச்சேரிப் பந்தலிலும் பத்திரிகைக் கடையிலும் செலவழித்த ஒரு ரசிகன். சினிமா, கார்ட்டூன், மேடை இசை ஆகிய மூன்றைப் பற்றியும் என் கருத்தைச் சொல்லவேண்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். "வாடகை, ரேஷன், வேலை, வீடு என்று ஆயிரம் பிரச்சினை இருக்க, சங்க மேடையில் சினிமாப் பேச்சு எதற்கு?" என்று சில தோழர்கள் கேட்டார்களாம். கேட்டது நியாயமே. அந்தக் கேள்விக்குப் பதிலாகவே என் பேச்சை அமைத்துக்கொள்கிறேன்.

பிறந்த மண்ணை விட்டு வந்தவனுக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று, அவன் கண்ணாடியில் பார்க்கும் முகம். மற்றொன்று, அடுத்தவன் அவனுக்கென்று வரைந்து வைத்திருக்கும் முகம். வாடகைக்கு அறை கேட்டுப் போகும்போதும், வேலை கேட்டு நிற்கும்போதும், போலீஸ் சௌக்கியில் புகார் சொல்லப் போகும்போதும் எதிரே இருப்பவன் பார்ப்பது அந்த இரண்டாவது முகத்தைத்தான். அதை வரைந்தது யார்? கார்ட்டூன்காரனின் பேனா வரைந்தது. சினிமாக்காரனின் காமிரா வரைந்தது. ஆகவே சினிமாப் பேச்சும் அரசியல் பேச்சுதான், தோழர்களே!

பேனா முனையில் தொடங்கிய கதை

முதலில் கார்ட்டூனை எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் இந்த நகரத்தில் நமக்கு எதிரான அரசியல் ஒரு கார்ட்டூன் பத்திரிகையில்தான் தொடங்கியது.

இரண்டு கார்ட்டூன்காரர்கள் ஒரு காலத்தில் 'ஃப்ரீ பிரஸ் ஜர்னல்' என்ற பம்பாய்ப் பத்திரிகையில் ஒன்றாக வேலை பார்த்தார்கள். ஒருவர் ஆர்.கே. லட்சுமண், மைசூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். மற்றவர் பால் தாக்கரே. இருவர் கையிலும் திறமை இருந்தது. லட்சுமண் 'டைம்ஸ் ஆஃப் இந்தியா'வுக்குப் போய், கட்டம்போட்ட கோட்டும் வேட்டியுமாக ஒரு சாமானிய மனிதனை உருவாக்கினார். அந்த மனிதன் வாய் திறக்கவே மாட்டான். மந்திரிகள் செய்வதையெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்பான். தாக்கரே 1960-ல் 'மார்மிக்' என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். அதில் கேலிக்கு ஆளானவர்களில் நம்மவர்களும் உண்டு. நிறுவனங்களில் வேலை பார்த்த தென்னிந்திய அதிகாரிகளின் பெயர்ப் பட்டியல்கள் அதில் வெளிவந்தன. 1966-ல் சிவசேனை பிறந்தது. கேலியாக இருந்த லுங்கி கோஷமாக மாறியது. கோஷம் கல்லாக மாறியது. தென்னிந்தியர்களின் ஓட்டல்களும் கடைகளும் தாக்கப்பட்டன.

மராத்தி மண்ணின் பிள்ளைகளுக்கு வேலை வேண்டும் என்ற கோரிக்கை பொய்யானதா? இல்லை. அவர்கள் வீட்டிலும் வேலையில்லாத பிள்ளை இருந்தான். அவன் வயிறும் எரிந்தது. ஆனால், வேலை தராத முதலாளியை வரையவேண்டிய பேனா, பக்கத்துச் சாலில் குடியிருந்த இட்லிக்காரனை வரைந்தது. அங்கேதான் தவறு நடந்தது.

கார்ட்டூனுக்கு நான் வைக்கும் சோதனை ஒன்றே ஒன்றுதான். இந்தப் படத்தைப் பார்த்து வரும் சிரிப்பு மேல் நோக்கிப் போகிறதா, கீழ் நோக்கிப் போகிறதா? அதிகாரத்தில் இருப்பவனைப் பார்த்துச் சிரித்தால் அது துணிச்சல். பிழைக்க வந்தவனைப் பார்த்துச் சிரித்தால், அதற்கு எவ்வளவு அழகான கோடு போட்டாலும், அது அடியாள் வேலை.

மேல் நோக்கிச் சிரிப்பதற்கு விலை உண்டு. 1987-ல் 'ஆனந்த விகடன்' அட்டையில் எம்.எல்.ஏ.வையும் மந்திரியையும் ஜேப்படிக்காரனாகவும் முகமூடிக் கொள்ளைக்காரனாகவும் கேலி செய்து ஒரு ஜோக் வந்தது. அதற்காக ஆசிரியர் பாலசுப்பிரமணியனுக்குத் தமிழ்நாடு சட்டமன்றம் 3 மாதச் சிறைத்தண்டனை விதித்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாட்களில் விடுதலை செய்தார்கள். அவர் விடவில்லை, நீதிமன்றம் போய் 1,000 ரூபாய் நட்டஈடு பெற்றார். தொகை சிறிது, அதன் பொருள் பெரிது.

நம்மில் பாதிப்பேருக்குச் சொந்த ஜில்லா திருநெல்வேலி. அங்கே 2017 அக்டோபரில், கந்துவட்டிக் கொடுமைக்குப் பலமுறை மனுக்கொடுத்தும் பலனில்லாமல், ஒரு கூலித்தொழிலாளி தன் மனைவியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் கலெக்டர் அலுவலக வாசலிலேயே தீக்குளித்தார். யாரும் பிழைக்கவில்லை. அதைப் பொறுக்காமல் முதலமைச்சரையும் கலெக்டரையும் போலீஸ் கமிஷனரையும் படமாக வரைந்த கார்ட்டூனிஸ்ட் பாலாவை நவம்பரில் கைது செய்தார்கள். மறுநாள் ஜாமீன் கிடைத்தது. படம் நாகரிகமாக இல்லை என்றார்கள். வாசலில் எரிந்த குழந்தைகளை வைத்துக்கொண்டு நாகரிகம் பேசியது யார் என்பதைத் தாய்மார்கள் யோசித்துப் பார்க்கவேண்டும்.

வெள்ளித்திரையில் நம் முகம்

இனி சினிமாவுக்கு வருகிறேன்.

1968-ல் 'படோசன்' என்ற இந்திப் படம் வந்தது. இன்றைக்கும் டி.வி.யில் போட்டால் வடக்கத்தியக் குடும்பங்கள் விழுந்து விழுந்து சிரிக்கின்றன. அதில் மெஹ்மூத் நடித்தது மாஸ்டர் பிள்ளை என்ற தென்னிந்தியப் பாட்டு வாத்தியார் வேடம். உச்சிக்குடுமி, பட்டை விபூதி, உடைந்த இந்தி. அந்தப் படத்தில் ஒரு பாட்டுப் போட்டி வருகிறது. ஒரு பக்கம் பிள்ளை. அவருக்குக் குரல் கொடுத்தவர் மன்னா டே. மறுபக்கம் கதாநாயகன் சுனில் தத். அவனுக்குப் பாடவே தெரியாது. மறைந்து நின்று நண்பன் கிஷோர் குமார் பாட, இவன் வாயசைக்கிறான். கடைசியில் யார் தோற்கிறார்? சங்கீதம் தெரிந்தவர் தோற்கிறார். வாயசைத்தவன் பெண்ணை மணக்கிறான்!

ராகுல் தேவ் பர்மனின் மெட்டு அபாரம் என்பதை நான் மறுக்கவில்லை. நானும் அந்தப் பாட்டைப் பலமுறை ரசித்துக் கேட்டவன்தான். ரசிக்கக்கூடாது என்று யாருக்கும் கட்டளையிட நான் வரவில்லை. ஆனால் அந்தப் படத்துக்குப் பிறகு எத்தனை பள்ளிக்கூடங்களில் நம் பிள்ளைகள் "அய்யோ அய்யோ" என்று கேலி செய்யப்பட்டார்கள் என்பதையும் கணக்கில் சேர்க்கவேண்டும். மெட்டுக்கு நூறு மார்க் கொடுங்கள்; நம்மை வரைந்த விதத்துக்குச் சைபர் போடுங்கள். இரண்டையும் ஒரே கையால் எழுதத் தெரிந்தவனே ரசிகன்.

1981-ல் பாலசந்தர் 'ஏக் தூஜே கே லியே' எடுத்தார். அதில் கமல்ஹாசன் தமிழ்ப் பையனாகவே வந்தார். காதலுக்காக இந்தி கற்றார். ஆனால் கோமாளி ஆகவில்லை. பாலசுப்பிரமணியம் அந்தப் படத்தில் இந்தியில் பாடித் தேசிய விருதும் வாங்கினார். ஆக, இந்திப் படத்தில் தமிழனை மனிதனாகக் காட்ட முடியாது என்பதெல்லாம் வெறும் சாக்கு.

நம் ஆட்களே நம்மை எடுத்த படங்கள் எப்படி? 1987 தீபாவளிக்கு 'நாயகன்' வந்தது. நம் பகுதியில் அந்தப் படத்தைக் கொண்டாடியதை இன்றைக்கும் பெரியவர்கள் சொல்வார்கள். இங்கே வாழ்ந்த வரதராஜ முதலியாரை ஒட்டிய கதை. தோட்டா தரணி சென்னையிலேயே ஒரு தாராவியைக் கட்டினார். அவருக்கும், ஒளிப்பதிவாளர் ஸ்ரீராமுக்கும், கமலுக்கும் தேசிய விருது கிடைத்தது; மூன்றும் தகுதியான விருதுகள். இளையராஜாவின் இசையைப் பற்றி நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டியதில்லை.

ஆனால் தோழர்களே, ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்தப் படத்தில் நாயகனின் தகப்பனார் யார்? ஒரு தொழிற்சங்கத் தலைவர். படம் தொடங்கியதும் போலீஸ் அவரைச் சுட்டுக்கொல்கிறது. அவரோடு சங்கமும் செத்துப்போகிறது! அதன்பிறகு படம் முடியும்வரை சங்கம் என்ற பேச்சே இல்லை. ஏழைகளைக் காப்பாற்ற ஒரே ஒரு பெரிய மனிதர், அவரும் சட்டத்துக்கு வெளியே இருப்பவர். நாம் கைகட்டி அவர் வீட்டு வாசலில் நிற்கும் கூட்டம். தாராவியின் தோல் ஷாப்புகளில் சுண்ணாம்புத் தொட்டியில் காலை நனைத்து நின்ற நம் பாட்டன்மார்கள் எங்கே? விடியற்காலை 3 மணிக்கு இட்லிப் பானை வைத்த தாய்மார்கள் எங்கே? 1982 ஜனவரி 18-ல் இரண்டரை லட்சம் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கிய நகரம் இது. அந்த நகரத்தைப் பற்றிய படத்தில் ஒரு வேலைநிறுத்தம்கூட இல்லை. கலை உயர்ந்தது, பார்வை ஒரு ஆளோடு நின்றுவிட்டது.

31 ஆண்டுகள் கழித்து, 2018-ல் ரஞ்சித்தின் 'காலா' வந்தது. அதிலும் ஒரு பெரிய நட்சத்திரம். அதிலும் வாசலில் கூட்டம். ரஜினி படம் என்பதற்காக வைத்த சண்டைகளும் மெதுநடைகளும் எனக்கு அதிகமாகவே பட்டன. ஆனாலும் சில காட்சிகளுக்காக அந்தப் படத்தை நான் மதிக்கிறேன். தாராவிக்காரர்கள் வேலைக்குப் போகாமல் நின்றவுடன் நகரமே நின்றுபோவதை அது காட்டியது. போலீஸ்காரர்கள் துணியை உருவியபோது, துணியை எடுக்காமல் தடியை எடுத்துத் திருப்பி அடித்த பெண்ணைக் காட்டியது. ஈஸ்வரி ராவ் நடித்த செல்வி பேசியதைக் கேட்டபோது, எங்கள் சாலில் இருந்த தாய்மார்கள் "இது நம்ம வீட்டுப் பேச்சுல்லா!" என்று சொன்னார்கள். நிலம் யாருக்கு என்ற கேள்வியை அந்தப் படம் நேராகவே கேட்டது. தாராவியை அளந்து, எண் போட்டு, புதிய வரைபடம் போடுகிற இந்தக் காலத்தில் அந்தக் கேள்வி பழசாகிவிடவில்லை.

நம் சிரிப்பையும் சோதிப்போம்

இவ்வளவும் பிறரைப் பற்றிச் சொன்னேன். நம்மைப் பற்றியும் சொல்லியாகவேண்டும்.

தமிழ்ப் படங்களில் "நம்பள்கி நிம்பள்கி" என்று பேசும் சேட்டைப் பார்த்து நாம் எத்தனை வருஷம் சிரித்தோம்? இன்றைக்குத் தமிழ்நாட்டில் மேம்பாலம் கட்டுவதும் ஓட்டலில் மேசை துடைப்பதும் பீகார், ஒடிசா, வங்காளத்திலிருந்து வந்த பிள்ளைகள். அவர்களைப் பானிபூரி என்றும் வடக்கன் என்றும் கேலி செய்யும் காட்சிகள் இப்போது செல்போனில் சுற்றுகின்றன. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது, பயந்துபோய் ரயிலேறிய பிள்ளைகள் இருக்கிறார்கள். வீடியோ பொய், பயம் பொய்யல்ல.

நமக்கு இங்கே லுங்கிவாலா என்று பேர் வைத்தபோது எப்படி வலித்ததோ, அப்படித்தான் அவனுக்கும் வலிக்கும். வேலைக்காக ரயிலேறியவன் எந்த ஊரில் இருந்தாலும் நம் ஜாதிதான். அவனுக்கும் நமக்கும் வேறு ஜாதி கிடையாது. ஆகவே, அப்படி ஒரு கேலி வீடியோ உங்கள் செல்போனுக்கு வந்தால் தயவுசெய்து அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். அனுப்பியவர் சொந்த மைத்துனராக இருந்தாலும், "இது வேண்டாம் மாப்ளே" என்று சொல்லுங்கள்.

மேடை இசை: நாமே செய்யக்கூடிய கலை

சினிமா எடுக்கக் கோடிகள் வேண்டும். பத்திரிகை நடத்தவும் முதல் வேண்டும். ஏழையின் கைக்கு எட்டுகிற கலை இசை ஒன்றுதான். தொண்டையும் ஒரு தோல்கருவியும் இருந்தால் போதும்.

இந்த ஊரில் நம்மவர்கள் கட்டிய சங்கீத மண்டபம் சண்முகானந்தா. சபை 1952-ல் தொடங்கியது. மண்டபம் 1963-ல் திறக்கப்பட்டது. 2,700 பேருக்கு மேல் உட்காரலாம். 1990-ல் தீவிபத்தில் சேதமாகி 1998-ல் மீண்டும் திறந்தார்கள். அங்கே பெரிய வித்வான்களையெல்லாம் மேல்மாடிக் கடைசி வரிசையிலிருந்து நானும் கேட்டிருக்கிறேன். நல்ல சங்கீதம் யாருடைய சொத்தும் அல்ல. ஆனால் சயானில் இருக்கும் அந்த மண்டபத்துக்கும் தாராவிக்கும் நடந்து போகும் தூரம்தான் என்றாலும், நம் பகுதியிலிருந்து எத்தனை பேர் உள்ளே போயிருக்கிறார்கள் என்று கை தூக்கச் சொன்னால் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

தெருவில் பிறந்த இசைக்கும் பெரிய வரலாறு உண்டு. இளையராஜா எங்கே பாடம் படித்தார்? அண்ணன் பாவலர் வரதராஜன் நடத்திய குழுவில், கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில், ஊர் ஊராகப் பாடிப் படித்தார். 1976-ல் 'அன்னக்கிளி' வந்தது. அதற்கு முன்னால் அவருக்குப் பின்னே இருந்தது பொதுக்கூட்ட மேடை.

நமக்கு அடுத்த வீட்டுக்காரர்களான மராத்தித் தொழிலாளர்களைப் பாருங்கள். மில்லில் வேலை பார்த்த அண்ணாபாவ் சாட்டே, அமர் ஷேக், கவாண்கர் ஆகிய மூவரும் 1944-ல் 'லால் பாவ்டா கலாபதக்' என்ற செங்கொடிக் கலைக்குழுவைத் தொடங்கினார்கள். தமாஷா மெட்டில் மில் தொழிலாளியின் கஷ்டத்தைப் பாடினார்கள். அந்த மரபில் வந்தவர் தலித் பாடகர் விலாஸ் கோக்ரே. 1997 ஜூலை 11-ல் காட்கோபர் ரமாபாய் நகரில் அம்பேத்கர் சிலை அவமதிப்பை எதிர்த்த மக்கள் மீது போலீஸ் சுட்டு 10 பேர் இறந்தார்கள். அதைத் தாங்கமுடியாமல் சில நாட்களில் கோக்ரே உயிரை மாய்த்துக்கொண்டார். அவரிலிருந்து தொடங்கி ஆனந்த் பட்வர்தன் 14 ஆண்டு உழைத்து எடுத்த படம்தான் 'ஜெய் பீம் காம்ரேட்'. தமிழர்கள் அவசியம் பார்க்கவேண்டிய மராத்திப் பாட்டுகள் அடங்கிய படம். மொழி புரியாவிட்டாலும் பறவாயில்லை. அந்தத் தாளம் புரியும்.

நம் பிள்ளைகளும் சும்மா இருக்கவில்லை. தாராவியிலிருந்து எழுந்த 'டோபடெலிக்ஸ்' ராப் குழு 'காலா' படத்திலேயே பாடியது. சென்னையில் 2018 ஜனவரியில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு கானாவையும் ராப்பையும் பறையையும் ஒரே மேடையில் ஏற்றியது. முதலில் கேட்டபோது எனக்குக் காது கொஞ்சம் அடைத்தது. கூர்ந்து கேட்டால், நம் தெருச் சண்டையும் நம் கேள்வியும் அதில் இருந்தன.

பறையைப் பற்றி ஒரு வார்த்தை

இப்போது நம் சங்கத்துக்குள் இருக்கும் ஒரு தகராறுக்கு வருகிறேன். பொங்கல் விழாவில் பறையடிக்கலாமா என்று செயற்குழுவில் பேச்சு வந்தபோது, "சாவுக்கு அடிக்கிற மேளத்தை நல்ல நாளில் அடிப்பதா?" என்று சில பெரியவர்கள் கேட்டார்கள். நான் அவர்களை மதிக்கிறேன். என்னைவிட வயதில் மூத்தவர்கள். ஆனால் அந்தக் கருத்தை மதிக்க முடியவில்லை.

தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களைச் சொல்லும்போது, தெய்வம், உணவு என்ற வரிசையில் பறையையும் சேர்த்தே சொல்கிறது. ஐந்து நிலத்துக்கும் பறை இருந்தது. அதைச் சாவு வீட்டோடு கட்டிப்போட்டது ஜாதி. அடிப்பவனைத் தீண்டாதவன் ஆக்கி, அவன் கருவியையும் தீட்டு ஆக்கியது ஜாதி. ரயிலேறும்போது பாத்திரம் பண்டங்களோடு அதையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டோமா? இங்கே மதராஸி என்று ஒரே வார்த்தையில் நம் எல்லோரையும் அடித்தபோது, அடித்தவன் யாரிடமும் ஜாதி கேட்கவில்லை.

2025-ல் மதுரைப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு இந்திய அரசு பத்மஸ்ரீ கொடுத்தது. விருது கிடைத்தால்தான் மதிப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் டெல்லிக்குக் கேட்ட ஓசை நம் செயற்குழுவுக்குக் கேட்காமல் போகலாமா?

பறையை அடித்துப் பாருங்கள். தோலை நெருப்பில் காட்டிக் காய்ச்சினால்தான் ஓசை ஏறும். ஒரு கையில் தடித்த அடிக்குச்சி. மறு கையில் மெலிந்த நீண்ட சிண்டுக்குச்சி. பத்து பேர் ஒரே அடவில் நின்று அடித்தால், ஆளை ஆள் பார்த்துத்தான் அடிக்கவேண்டும். ஒருவன் முந்தினாலும் கெட்டுப்போகும். சங்கம் நடத்துவதும் அப்படித்தானே? மேலும், தாராவியில் தோல் பதனிட்டே மூன்று தலைமுறை வாழ்ந்த குடும்பங்கள் நம்மில் உண்டு. அந்தத் தோலைத் தொட்டு உண்ட சோற்றுக்குத் தீட்டு இல்லையென்றால், அதில் எழும் ஓசைக்கு மட்டும் தீட்டு எங்கிருந்து வந்தது?

என் வேண்டுகோள்கள்

பேசிவிட்டுப் போவதால் பயனில்லை. ஆகவே மூன்று வேண்டுகோள்களைச் சங்கத்தின் முன் வைக்கிறேன்.

ஒன்று: ஆண்டு விழாவுக்கு டி.ஜே.வுக்கும் பெரிய ஸ்பீக்கர்களுக்கும் கொடுக்கும் பணத்தில் பாதியை நிறுத்துங்கள். அதில் பத்து பறை வாங்கி, ஓர் ஆசானை அழைத்து, ஞாயிறுதோறும் ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் எந்த வேறுபாடும் இல்லாமல் கற்றுக்கொடுங்கள். ஆசானுக்குச் சால்வை மட்டும் போட்டு அனுப்பாமல், பேசிய கூலியைக் கையில் கொடுங்கள். கலைஞனும் தொழிலாளிதான்.

இரண்டு: மாதம் ஒரு படம். சங்க அறையில் எல்லோரும் சேர்ந்து பார்ப்போம். பார்த்தபின் அரைமணி நேரம் பேசுவோம். தமிழ்ப் படம் மட்டும் வேண்டாம். மராத்தியும் இந்தியும் மலையாளமும் வரட்டும். பக்கத்துச் சால் மராத்தித் தோழர்களையும் பீகார்த் தோழர்களையும் அழைப்போம். முதலில் தாய்மார்களும் பிள்ளைகளும் பேசட்டும். எங்களைப் போன்ற பழைய ரசிகர்கள் கடைசியில் பேசுகிறோம்.

மூன்று: சங்க வாசலில் ஒரு சுவர்ப் பத்திரிகை. பிள்ளைகள் கார்ட்டூன் வரையட்டும். தண்ணீர் வராத குழாயையும், கூலியைப் பிடிக்கும் கான்ட்ராக்டரையும், ஓட்டு கேட்டபின் காணாமல்போன ஆளையும் வரையட்டும். செயற்குழுவையும் வரையலாம், நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம் என்று தலைவர் இந்த மேடையிலேயே வாக்குக் கொடுக்கவேண்டும். ஒரே ஒரு நிபந்தனைதான்: தன்னைவிட எளியவனைக் கேலி செய்யும் படம் அந்தச் சுவரில் ஏறக்கூடாது.

நம் முகத்தை இதுவரை பிறர் வரைந்தார்கள். சிலர் நன்றாகவும் பலர் கேவலமாகவும் வரைந்தார்கள். இனி நம் பிள்ளைகளின் கையும் அந்தப் பேனாவைப் பிடிக்கட்டும் என்று கேட்டுக்கொண்டு, பறை பற்றிய தீர்மானத்தை அடுத்த செயற்குழுவில் முன்மொழிவேன் என்பதையும் இப்போதே தெரிவித்துக்கொள்கிறேன்.